சௌக்கியம் சார் நலம் விசாரித்தார்

அந்த மெத்தைத் தொழிற்சாலை மேனேஜருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கலாம். தையல் கூடத்தில் அவருக்கு ஒரே பெயர்தான்: சௌக்கியம் சார்.

மனிதர் மாடியில் கண்ணாடி அறையிலேயே குடியிருப்பவர். யாரையாவது வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவாகிவிட்டால் மட்டும் படியிறங்கி வருவார். விஷயத்தை நேரே சொல்ல நாக்கு எழும்பாது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, தேன் ஒழுகும் குரலில், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். தீர்ந்தது. அந்த வாரமே அந்த ஆள் வீட்டில் உட்கார்ந்து எல்லாருடைய சௌக்கியத்தையும் நேரில் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பூட்ஸ் சத்தம் படியில் கேட்டால் போதும், கூடத்தில் பாதிப் பேருக்குக் கழிவறை அவசரம் வந்துவிடும். மீதிப் பேர் மெத்தை உறைக்குள் தலையை விட்டு இல்லாத நூலைத் தேடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவரைத் தலைமை அலுவலகம் ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. ஊழியர்களிடம் மனம் விட்டுப் பேசுவது எப்படி என்று அங்கே பாடம். திங்கட்கிழமை காலை அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஊர்ப்பட்ட வெளிச்சம். நேரே தையல் கூடத்துக்கு வந்து, முதல் மெஷினிலிருந்து கடைசி மெஷின்வரை ஒருவர் விடாமல் கேட்டார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பஞ்சு மூட்டைகூட மூச்சை அடக்கிக்கொண்டது.

கூடத்து சூப்பர்வைசர் மட்டும் கையை ஆட்டி மெஷினை ஓட்டச் சொன்னாள். அந்தம்மாவுக்குத்தான் உண்மை தெரியும். யாரையும் அனுப்பப் போவதில்லை. ஒரு பெரிய விடுதி ஆர்டர் வந்திருக்கிறது. மாசக் கடைசிக்குள் மெத்தைகள் போய்ச் சேர்ந்தால் கூடம் பிழைக்கும், பிந்தினால் பூட்டு. "இதை மட்டும் கீழ சொல்லிடாதீங்கம்மா, பயந்துடுவாங்க" என்று பயிற்சிக்குப் போகும் முன்பே சௌக்கியம் சார் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆர்டர் முழுக்க ஒரே ஆளை நம்பித்தான் இருந்தது. மெத்தையின் விளிம்பில் நாடா வைத்து, மூலையில் சுருக்கம் விழாமல் மெஷினைத் திருப்பத் தெரிந்தவள் கூடத்தில் ஒருத்திதான். அவள் சூப்பர்வைசரின் சொந்த ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. அவள் திருப்பினால் பாறாங்கல்லுக்கும் மூலை படியும்.

அவள் ஏற்கெனவே மெஷினை நிறுத்திவிட்டுத் தான் போட்டு உட்காரும் குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" சூப்பர்வைசர் ஓடிவந்து மறித்தாள்.

"எதிர்ல திரைச்சீலை தைக்கிற இடத்துல ஆள் கேக்கறாங்க. இவரு அனுப்பற வரைக்கும் காத்திருந்தா, நம்ம கூட்டமே அங்க போய் வரிசை கட்டும். முந்திக்கிறேன்."

"ஐயோ, இந்தத் தடவை அவர் நிஜமாவே சௌக்கியம்தான் விசாரிச்சாரு!"

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க. உங்க கொழுந்தனார் சாப்பிட உக்காந்து தட்டுல கை வச்ச நேரம். 'ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு'ன்னு."

சொன்னது வாஸ்தவம். சௌக்கியம் சார் சூப்பர்வைசரிடம் அப்படிச் சொல்லச் சொன்னார், அவளும் நம்பிச் சொன்னாள். பத்தே நாளில் கொழுந்தன் வேலை பார்த்த ஸ்பிரிங் பிரிவை மூடினார்கள். அன்றிலிருந்து கொழுந்தன் அவளோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறான். சுவருக்கே அலுத்துவிட்டது.

சூப்பர்வைசர் மாடிக்கு ஓடினாள்.

"சார், கீழ வந்து ஒரே வார்த்தை சொல்லுங்க. யாரையும் அனுப்பமாட்டோம்னு. வேற எதுவும் வேணாம்."

"அதுக்கென்னம்மா, தாராளமா! மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

போனில் அவர் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லச் சொல்ல, முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. கீழே வந்து கூடத்தின் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தற்போதைய நிலவரப்படி ஆட்குறைப்புத் திட்டம் எதுவும் நிர்வாகத்தின் பரிசீலனையில் இல்லை."

"தற்போதையன்னா எத்தனை மணி வரைக்கும் சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் கொல்லென்று சிரித்தது. சௌக்கியம் சாரும் சேர்ந்து சிரித்தார், பாவம், பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஓரகத்தி சூப்பர்வைசரின் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அவர் கெடக்கறாரு, விடுங்க. நீங்க சொல்லுங்கக்கா. அவர் சொல்லச் சொன்னது வேணாம், உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. நான் உக்காந்துடறேன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. இன்னொரு முறை "நான் பொறுப்பு" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. அடுத்தவர் வார்த்தையைச் சொல்லி ஒரு கொழுந்தனைத் தொலைத்தது போதும் என்று உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டாள்.

"ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கு. மாசக் கடைசிக்குள்ள முடிச்சுக் கொடுத்துட்டா கூடம் நிக்கும். இல்லன்னாதான் பூட்டுவாங்க. அதான் நீ வேணும்ங்கறேன்."

"அப்ப பூட்டற பேச்சு இருக்கு."

"முடிச்சுட்டா இல்லம்மா!"

"இருக்கா, இல்லையா?"

"...இருக்கு."

ஓரகத்தி தலையாட்டினாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில். அது இருந்திருந்தால் சூப்பர்வைசர் சண்டை போட்டாவது நிறுத்தியிருப்பாள்.

"இதை நேத்தே வீட்டுல சொல்லியிருந்தா, ராத்திரி பகலா உக்காந்து தச்சிருப்பேன். இப்ப எதை நம்பறதுன்னே எனக்குத் தெரியலக்கா."

அவள் நடந்தாள். பின்னாலேயே நூல் சுற்றுகிறவள், பிறகு உறை வெட்டுகிறவர், பிறகு 'எத்தனை மணி வரைக்கும்' என்று கேட்ட அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். சூப்பர்வைசர் ஒவ்வொருவர் பின்னாலும் நாலடி ஓடினாள், திரும்பினாள், அடுத்தவர் பின்னால் ஓடினாள். மெஷினின் மேல் ஒரு மெத்தை மூன்று மூலை தைத்தபடி கிடந்தது. நாலாவது மூலையில் பஞ்சு நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது.

சௌக்கியம் சார் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றார். இந்தச் சமயத்தில் ஒருத்தருக்கு ஆறுதலாக என்ன சொல்வதென்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமாம்மா?"

"இப்பதான் சார் கேட்டைத் தாண்டிப் போறாங்க" என்றாள் அவள்.