எண்பது சதவீத மாப்பிள்ளை

லிஃப்ட் மெக்கானிக்கின் போன் ஒரு புதன்கிழமை மதியம் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. மேசையில் வைத்துத் தட்டினால் பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றியது. பின்மூடி ஓர் ஓரத்தில் வாயைப் பிளந்திருந்தது. ஐந்து வருஷமாக அந்த போனை அவர் ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். பகலில் ஸ்கூட்டர் முகப்பில் மாட்டி வெயிலில் காய விடுவார். அதுவும் எவ்வளவுதான் பொறுத்துக்கொள்ளும்?

ரிப்பேர் கடைக்காரம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள்.

“சார், இதுக்கு எத்தனாவது மாசம்?”

மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“தலையணைக்குக் கீழ வச்சா தூங்குனீங்க? நல்லவேளை, போனோட போச்சு. பேட்டரிக்கு ஆகாதது சூடு. அதுக்கப்புறம், வயிறு முட்டத் தின்னுட்டு அப்படியே கிடக்கறது. சுத்தமா பட்டினி போட்டாலும் ஆகாது. இருபதுக்குக் கீழ விடாதீங்க, எண்பது தாண்டினா எடுத்துடுங்க. சார்ஜ் போடும்போது கவரைக் கழட்டிடுங்க. மெத்தை, தலையணை பக்கமே கொண்டுபோகாதீங்க. என்னைக்காவது அவசரத்துக்கு நூறு வரைக்கும் ஏத்தினா ஒண்ணும் குடி முழுகிடாது.”

எல்லாவற்றையும் மெக்கானிக் மனப்பாடமே செய்துகொண்டார். கடைசி வாக்கியம் மட்டும் காதில் ஏறவில்லை.

புதுப் போனோடு வீட்டுக்கு வந்தவர் வேறு ஆளாகத்தான் வந்தார். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட்டுகளின் உயிரைக் கையில் வைத்துப் பழகிய மனிதர். ஒரு விஷயம் ஆபத்து என்று மூளையில் பதிந்துவிட்டால் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. வீட்டில் எங்கே ஒரு ஒயர் தொங்கினாலும் கை அரித்தது. பல் தேய்த்துக்கொண்டிருப்பார், பாதியில் நுரை வாயோடு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்குவார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே, “எண்பத்தொண்ணு ஆயிருக்கும், யாராவது எடுங்களேன்” என்று குரல் கொடுப்பார்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். அவள் போன் எப்போது பார்த்தாலும் குற்றுயிரும் குலையுயிருமாகத்தான் இருக்கும்.

“மூணுல நிக்குதும்மா. இப்படி உயிரை வாங்கறியே!”

“யாரு உயிரை? உங்க உயிரையா, போன் உயிரையா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“காலையிலேருந்து நாப்பது பேருக்கு ஊசி குத்திட்டு வந்திருக்கேன். நாப்பத்தொண்ணாவது ஆளா நீங்க வந்து உக்காராதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

மூன்றாவது ஆள் மனைவியின் அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது காது கொஞ்சம் மந்தம். ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. தொடர் பார்க்கும்போது போனைச் சார்ஜில் மாட்டிக்கொண்டே பார்ப்பது அவர் வழக்கம்.

“சார்ஜ் ஏறும்போது படம் பாத்தா சூடாகும் அத்தை.”

“எனக்கும்தான் சூடாகுது மாப்பிள்ளை. அவ இப்பதான் பால்ல விஷத்தைக் கலக்கறா. ரெண்டு நிமிஷம் பொறுங்க.”

அவர் பொறுக்கவில்லை, பிடுங்கினார். அன்றைக்கே அத்தை அவருக்குப் பெயர் வைத்துவிட்டார். “எண்பது வந்தாச்சா?”, “எண்பதுக்குச் சட்டை துவைச்சாச்சா?” என்று மகளிடம் கேட்பார். முதலில் அவர் இல்லாதபோது மட்டும். இரண்டு வாரத்தில் அவர் எதிரிலேயே.

அத்தையின் காதுக்கருவிகள் இரண்டும் பட்டாணி அளவுதான். குட்டி டப்பாவில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இரவு முழுக்க வைக்கலாம், ஒன்றும் ஆகாது என்று காது டாக்டரே சொல்லியிருந்தார். எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்பது மனைவியின் போனில் தெரியும். மெக்கானிக் அந்த டப்பாவை மட்டும் நெடுநாள் தொடவில்லை. மாமியாரின் காதில் கை வைக்க எந்த மாப்பிள்ளைக்குத்தான் துணிச்சல் வரும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. ராத்திரி மறந்துபோய் விடியற்காலையில்தான் அத்தை சார்ஜில் போட்ட டப்பாவின் பச்சை விளக்கு ஹால் அலமாரியில் சிமிட்டிக்கொண்டிருந்தது. அத்தை ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மனைவியின் போன் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். எண்பத்திரண்டு. கை சும்மா இருக்குமா? பூனை மாதிரி அடியெடுத்து வைத்து, பிளக்கை உருவி, ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தார். ஏழு மணிக்கு அத்தை கருவிகளை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

அன்றைக்குப் பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள கட்டடம். முந்தைய செயலாளர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய் ஆறு மாதமாகியும் அந்த நாற்காலியில் உட்கார ஒருவரும் முன்வரவில்லை. மனைவிக்கு ஞாயிறும் வேலை. மெக்கானிக்குக்கு எட்டு மணிக்கே ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. லிஃப்ட் நான்காம் மாடியில் கதவு திறக்காமல் முரண்டு பிடிக்கிறது, உள்ளே நல்லவேளை யாரும் இல்லை.

“நீங்க போய் உக்காந்துட்டு வாங்க அத்தை. கையெழுத்துப் போட்டா போதும். எதுக்கும் கையை மட்டும் தூக்கிடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பதினொன்றே கால் மணிக்கு அவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தி, கதவின் உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் துடிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. நிற்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தொரு செய்திகள். “வாழ்த்துகள் செயலாளரே!” “சரியான தேர்வு!” “செயலாளர் சார், எங்க வீட்டுப் பக்கம் மூணு நாளா தண்ணி சொட்டுது.” கைகூப்பும் படங்கள் வரிசையாக நின்றன. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய முதல் மாடிப் பல் டாக்டர் எழுதியிருந்தார்: “தங்கள் மாமியார் முழுமனதோடு சம்மதம் தெரிவித்தார்கள். ஒருமனதாக நிறைவேறியது.”

மெக்கானிக் காலடியில் இருந்த லிஃப்ட் குழியின் ஆழத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு உருளையை ஒழுங்காக மாட்டி, கதவைப் பத்து தடவை திறந்து மூடிச் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அத்தை சோபாவில் பாவமாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க!”

“என்ன சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க மாப்பிள்ளை, காது செத்துப்போச்சு.”

“கையைத் தூக்காதீங்கன்னு சொன்னேனே!”

“பாதிக் கூட்டத்துலயே காது மிஷின் அணைஞ்சுபோச்சு. பல் டாக்டர் என்னைப் பாத்து வாயை வாயை அசைச்சாரு. மரியாதைக்குத் தலையாட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க. எதுக்குன்னு எனக்கு என்ன தெரியும்? காலையில யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க போல.”

யாரோ! சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“வீட்டுல இருக்கற போனெல்லாம் பத்தலைன்னு எங்கம்மா காதையும் பிடுங்கணுமா? நல்லா வேணும். போய்த் தண்ணி சொட்டுற வீட்டைப் பாருங்க, செயலாளரே.”

அவர் போய்ப் பார்த்தார். வேறு வழி? குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. வயதான மனுஷியைச் செவிடாக்கிச் சபையில் உட்கார வைத்துவிட்டோமே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த டப்பா இருந்த திசைக்கே ஒரு கும்பிடு போட்டார். அது இரவு முழுக்க நிம்மதியாகச் சார்ஜ் ஏறிக்கொண்டது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தை கருவிகளை மாட்டும்போது மனைவி தற்செயலாகச் சொன்னாள், “நூறு இருக்கும்மா.” இரவு ஏழு மணிக்கு, அவளே மறுபடியும் பார்த்துவிட்டு, “அம்பத்தி நாலு” என்றாள்.

மெக்கானிக் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு நாற்பத்தாறு. அப்படியென்றால் ஒரு மணிக்கு நாலுகூட முழுசாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எண்பத்திரண்டு. பதினொரு மணிக்கு எவ்வளவு இருந்திருக்கும்? எப்படிக் கழித்துப் பார்த்தாலும் அறுபத்தைந்துக்குக் கீழே வரவில்லை. அந்தச் சட்டையை அவர் மூன்று தடவை மடித்தார்.

மறுநாள் மனைவி கிளம்பிப் போனதும் அத்தையின் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அத்தை, எண்பத்திரண்டு இருந்தா ராத்திரி வரைக்கும் தாங்கும்.”

அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவது நிற்கவில்லை.

“அப்படியா?”

“பதினோரு மணிக்கெல்லாம் அணையவே அணையாது.”

“அடேங்கப்பா. கணக்குப் போட மூணு நாளாச்சா? நான் திங்கட்கிழமையே வருவீங்கன்னு பாத்தேன்.”

“அப்ப எல்லாம் காதுல விழுந்துச்சா?”

“விழாம? நீங்க பூனை மாதிரி வந்து பிளக்கைப் பிடுங்கினதைக்கூட அரைக்கண்ணால பாத்துட்டுத்தான் இருந்தேன். முப்பது வருஷம் ஊரார் பேச்செல்லாம் என் காது வழியாத்தான் போச்சு மாப்பிள்ளை. விழுந்தும் விழாத மாதிரி முகத்தை வச்சுக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தாங்க.”

மெக்கானிக்குக்குக் கோபம் வர வேண்டும். சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, “ஏன் இப்படி மாட்டிவிட்டீங்க?” என்றார்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தார்.

“கூட்டத்துல கீழ்வீட்டுப் பொண்ணு எழுந்து ஒண்ணு சொல்லிச்சு. ரெண்டாவது மாடி டியூஷன் வாத்தியார் மின்சார ஸ்கூட்டர் வச்சிருக்காரே, அந்த பேட்டரியைக் கழட்டி மாடிப்படிக்கு அடியில சார்ஜ் போடறாராம். யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு மேல சாக்கு வேற போட்டு மூடி வைக்கறாராம். அந்தப் பொண்ணு பயந்துபோய்ச் சொல்லுது. வாத்தியார் ஒரே அதட்டல். அம்புட்டுதான், எல்லாரும் தலையைக் குனிஞ்சு போனை நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு உங்க பழைய போனு வயித்தைத் தள்ளிட்டுக் கிடந்தது ஞாபகம் வந்துச்சு. இங்க ஒண்ணுமில்லாத பிளக்குக்கெல்லாம் உசுரை விடறாரே மனுஷன், அங்க நிஜமாவே வேலை இருக்கே, போகட்டும்னு, உங்களைச் செயலாளரா போடலாமான்னு பல் டாக்டர் கேட்டதும் தலையாட்டினேன்.”

மெக்கானிக் அதற்குமேல் உட்காரவில்லை. செருப்பை மாட்டினார். அத்தையும் முந்தானையில் கையைத் துடைத்தபடி பின்னாலேயே இறங்கினார்.

மாடிப்படிக்கு அடியில் பழைய செய்தித்தாள் கட்டுகள், பாதி காலியான பெயின்ட் டப்பா, அவற்றுக்கு நடுவில் ஒரு சாக்கு மூட்டை. மூட்டையிலிருந்து ஓர் ஒயர் சுவரில் இருந்த பிளக் பாயிண்ட்டுக்குப் போனது. அவர் முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, பிறகு சாக்கை விலக்கினார். பேட்டரியின் மேல் புறங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். அப்படிக் கொதித்தது. குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் லேசாக உப்பி, மூடியின் ஒரு திருகு தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் மேலேதான் நாற்பத்தெட்டு வீட்டுக் குழந்தைகளும் ஏறி இறங்கும் படிகள்.

செய்தித்தாள் கட்டுகளையும் பெயின்ட்டையும் தள்ளி அப்புறப்படுத்திவிட்டு, இரண்டாம் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். டியூஷன் வாத்தியார் கையில் சிவப்புப் பேனாவோடு வந்தார்.

“உங்க பேட்டரியை அணைச்சுட்டேன். வந்து பாருங்க.”

“என் பேட்டரியைத் தொட நீங்க யாரு?”

இத்தனை வருஷத்தில் மெக்கானிக் யாரிடமும் அதிகாரம் பேசியதில்லை.

“செயலாளர்” என்றார் அத்தை, பின்னாலிருந்து. “ஒருமனதா தேர்ந்தெடுத்தது. நீங்களும்தானே கை தட்டினீங்க?”

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனாலும் இறங்கி வந்தார். முதலில் முறைத்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் சத்தம் போடவில்லை. உப்பியிருந்த இடத்தைக் காட்டினார், திருகைக் காட்டினார், பெயின்ட் டப்பா எங்கே இருந்தது என்பதையும் காட்டினார். வாத்தியார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். மேலே அவருடைய இரண்டு பெண்கள் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“திருடிடுவாங்கன்னுதான் சார் மூடி வச்சேன். வேற எதுவும் தோணல” என்றார் மெல்ல.

பேட்டரியை அன்றைக்கே கம்பெனி ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். அடுத்த மூன்று வாரத்தில் மதில் ஓரமாக, காற்றோட்டமான இடத்தில், தகரக் கூரை போட்டு ஆறு பிளக் பாயிண்ட்டுகள் வந்தன. சாக்குக்கு வேலை இல்லாமல் பூட்டுப் போட்ட கம்பிக் கதவும் வந்தது. பக்கத்தில் மெக்கானிக் கைப்பட எழுதிய பலகை: எதையும் மேலே போட்டு மூடக் கூடாது, ஏறி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். படிப்பவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் எடுத்தும் விட்டார்கள்.

செயலாளரின் போன்தான் பாவம். தண்ணீர், குப்பை, நாய், மேல்வீட்டு நாற்காலிச் சத்தம் என்று விடியற்காலையிலிருந்து அடித்து, மூன்று மணிக்கெல்லாம் பதினைந்துக்கு வந்து நிற்கும். ஒருநாள் நூறு வரைக்கும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மனைவி கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை குழுவில் டியூஷன் வாத்தியாரே ஒரு புகார் போட்டார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்: “சார்ஜிங் கொட்டகையில் விளக்கு இல்லை. செயலாளர் கவனிப்பாரா?”

மெக்கானிக் ஒரு பல்பையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வாத்தியார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.