ஓரம் தெரியாத டிவி

பதினோரு வருஷமாக எங்கள் வீட்டு டிவியில் திமிங்கலம் நெத்திலி அளவில்தான் நீந்திக்கொண்டிருந்தது. எனக்குக் கடல், காடு, மிருகம் காட்டுகிற நிகழ்ச்சிகள் என்றால் உயிர். சலவைக் கடையில் காலையிலிருந்து நின்றபடியே இஸ்திரி போடுகிறவள் நான். வீங்கின காலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், யானையாவது யானை மாதிரி தெரிய வேண்டாமா? பெரிய டிவி வாங்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இப்போது வண்டியில் பதினான்கு பிள்ளைகள். வேகம் நாற்பதைத் தாண்டாது. மற்ற டிரைவர்கள் அவரை 'நத்தை' என்று கூப்பிடுவார்கள். அதையும் ஏதோ விருது கிடைத்த மாதிரி என்னிடம் வந்து பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

எந்த அளவு டிவி நம் சுவருக்குப் பொருந்தும் என்று பார்க்க, பழைய செய்தித்தாள்களை ஒட்டுப்போட்டு, அறுபத்தைந்து அங்குலத்துக்கு வெட்டி, சுவரில் ஒட்டி வைத்தேன். ஒரு வாரம் அது அப்படியே இருந்தது. அவர் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இவ்ளோ பெருசு? நாப்பத்திமூணு போதும்" என்றார். "உங்களுக்கு எதுதான் போதாது?" என்று நான் கேட்டேன். கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

கடையிலும் அதே கதைதான். அங்கே சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி பறந்துகொண்டிருந்தது. விற்பனைப் பெண் எங்களை அறுபத்தைந்து அங்குலத்தின் முன்னால் நிறுத்தி, "கலர் பாருங்க சார், இறகு இறகா தெரியுது" என்றாள். இவர் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தவர், கடைசியில் அங்கே நிறுத்தியிருந்த வாஷிங் மெஷின்மேல் மோதி, அதன் தலையில் வைத்திருந்த விலைப் பலகையைக் கீழே தள்ளிவிட்டார். "இங்கேருந்து பாத்தா நல்லா இருக்கு" என்றார். அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு மானம் போயிற்று. அதே கோபத்தில் அறுபத்தைந்துக்கே பில் போடச் சொன்னேன்.

டிவி வந்த முதல் சாயங்காலம் திமிங்கலம் ஒன்று கடலிலிருந்து எழும்பி விழுந்தது. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அவர் இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு போய் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் அந்த நாற்காலி நாளுக்கொரு அடி பின்னால் நகர்ந்தது. முதலில் மேசை ஓரம். பிறகு பிரிட்ஜ் பக்கம். கடைசியில் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு செட்டில் ஆகிவிட்டார். நான் கையில் சூடான பாத்திரத்தோடு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் வந்து நின்றாலும் நகரமாட்டார். "வழி விடுங்க" என்று கத்தினால் திடுக்கிட்டு எழுந்திருப்பார். நான் தண்ணீர் வைத்தால் கையால் தட்டிவிடுவார். வாரத்தில் மூன்று டம்ளர். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பந்தாட்டம் பார்க்கும்போது ஸ்கோர் என்ன என்று என்னைக் கேட்பார். ஸ்கோர் திரையின் மேல் மூலையில் கொட்டை எழுத்தில் நின்றுகொண்டிருக்கும்.

நான் என்ன சொல்லி வைதேன் என்பதையெல்லாம் இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எருமை என்றேன். கண்ணை எங்கே அடகு வைத்தீர்கள் என்றேன். அவர் துணி எடுத்து வந்து, சிந்திய தண்ணீரைத் துடைப்பார்.

ஒரு மாதம் ஆனதும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"டிவில கோளாறு இருக்கு. படம் ஓரத்துல வெட்டுது."

"எனக்கு முழுசா தெரியுதே?"

"நீ திமிங்கலத்தைத்தான் பாப்ப, ஓரத்தை எங்க பாக்குற? சோபால உக்காந்தா நடுவுல மட்டும்தான் படம் வருது. வாரண்டி இருக்கறப்பவே சொல்லிடணும்."

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சர்வீசுக்குச் சொன்னோம். எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. அன்று மத்தியானம், காலை டிரிப் முடித்து அவரும் வீட்டில் இருந்த நேரம், மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ரிமோட்டில் எதை எதையோ அமுக்கினார். படத்தின் அளவை மாற்றினார், பழையபடி வைத்தார். "செட்டிங் எல்லாம் சரியாத்தான் இருக்கு. எதுக்கும் டெஸ்ட் படம் போட்டுப் பாத்துடலாம்" என்று பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினார்.

திரை முழுக்க வெள்ளை. நான்கு மூலைகளிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கறுப்பு எண்கள். நடுவில் ஐந்து. என் உள்ளங்கை அளவில் ஒவ்வொன்றும்.

"சார், சோபால உக்காந்து எதெது தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார்.

இவர் உட்கார்ந்தார். "அஞ்சு" என்றார்.

"அப்புறம்?"

"அஞ்சு மட்டும்தான்." தலையைத் திருப்பினார். "ஆங், இப்ப ஒண்ணு வந்துடுச்சு. அஞ்சு போச்சு." இந்தப் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருது. ஒண்ணைக் காணோம். பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? மாறி மாறி வெட்டுது!"

ஜெயித்துவிட்ட முகம் அவருக்கு. எனக்கு மெக்கானிக்கைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. ஐந்து எண்களும் அசையாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

மெக்கானிக் ரிமோட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். "சார், தலையை ஆட்டாம அஞ்சை மட்டும் பாருங்க" என்றார். சோபாவின் பக்கவாட்டில் போய் நின்று, கையை நீட்டி விரல்களை ஆட்டினார். இவர் கவனிக்கவில்லை. கையை இன்னும் முன்னால் கொண்டுபோனார். இன்னும் முன்னால். மூக்குக்கு நேராக வரப்போகும்போதுதான் இவர் திடுக்கிட்டு, "என்னங்க இது?" என்றார்.

"டிவில ஒண்ணுமில்ல சார்." அவர் குரல் ரொம்பவும் தணிந்திருந்தது. "நீங்க கண் டாக்டரைப் பாருங்க. தள்ளிப்போடாதீங்க. நான் டிவி மெக்கானிக், இதுக்கு மேல சொல்லக் கூடாது."

இவர் சிரித்தார். "எனக்கா? போன வருஷம் லைசென்சுக்கு டெஸ்ட் பண்ணப்போ கடைசி வரி வரைக்கும் படிச்சேனே! இங்க வாங்க." எழுந்து விறுவிறுவென்று போய்ச் சமையலறை வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எல்லாமே தெரியுது, பாருங்க!"

சொல்லிவிட்டு அப்படியே இருந்தார். டிவிக்கும் தனக்கும் நடுவில் இருந்த அந்த நீளமான தரையைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கிப்போயிற்று. எவ்வளவு தூரம் பின்னால் வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மெக்கானிக் போன பிறகு மணி பார்த்தேன். இரண்டு. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். பதினான்கு பிள்ளைகள். போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சோற்றுக்காக மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகளைக் காணாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருக்கிற மனிதர் அவர். அந்த வண்டியைப் பிடுங்கினால் அவரிடம் என்ன மிச்சம் இருக்கும்?

ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

"வா" என்றார்.

வேன் வீட்டு வாசலில்தான் நின்றது. அவர் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பவில்லை. ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"நீ அந்த நடைபாதையில நில்லு. அங்கேருந்து வண்டிக்கு முன்னால குறுக்கே நட. நான் நேராப் பாத்துட்டிருப்பேன். நீ கண்ணுல பட்டதும் ஹாரன் அடிக்கிறேன்."

"இதெல்லாம் எதுக்குங்க?"

"நட."

நடைபாதையிலிருந்து இறங்கினேன். ஒரு எட்டு வைத்தேன். ஹாரன் வரவில்லை. இரண்டாவது எட்டு. வண்டியின் விளக்கைத் தாண்டினேன். அடிங்க, அடிங்க என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இன்னும் மெதுவாகக் காலை வைத்தேன். கண்ணாடி வழியாக அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நேராக, அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியின் நட்டநடுவுக்கு வரும்போதுதான் ஹாரன் அடித்தது.

"இப்ப அந்தப் பக்கத்துலேருந்து" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்தும் நட்டநடுவில்தான்.

சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. பிறகு போனை எடுத்து, அதே பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வேன் ஓட்டுகிற தாடிக்காரரைக் கூப்பிட்டார்.

"தாடி, நான்தான். இன்னைக்கு என் பிள்ளைங்களையும் நீயே ஏத்திக்கோப்பா. ரெண்டு டிரிப்பா அடிச்சுடு... இல்ல, வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். அப்புறம் சொல்றேன். இன்னைக்கு மட்டும் இல்ல, இனிமே வேற ஆள்தான் பாக்கணும். பள்ளிக்கூடத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன்... கேளு. மூணாவது ஸ்டாப்புல ஒருத்தன் தூங்கிடுவான், எழுப்பி இறக்கு. ஏ.சி. போடாத, ரெட்டை ஜடைக்கு வாந்தி வரும். கடைசி ஸ்டாப்பு சின்னவ இருக்கா பாரு, அவங்க அம்மா எதிர்ப்பக்கம் நிப்பாங்க. இறங்கின உடனே வண்டிக்கு முன்னால குறுக்கே ஓடுவா. விடாத. நீ இறங்கி, கையப் புடிச்சு அந்தப் பக்கம் விட்டுட்டு வா. மறந்துடாதப்பா."

போனை வைத்தார். முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் நடந்து வந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்ப்பதற்காக உடம்பை முழுசாகத் திருப்பினார்.

"கொஞ்ச நாளா அந்தக் கடைசி ஸ்டாப்பு சின்னவ திடீர்னு வண்டி முன்னால வந்து நிப்பா. எங்கேருந்து வந்தான்னே தெரியாது" என்றார். "நல்லா வேகமா ஓடக் கத்துக்கிட்டான்னு நெனச்சேன்."