இடக்கை மடிப்பு

பாத்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே கவிழ்த்து வைத்திருந்த தட்டை இடுக்கியால் தூக்கிவிட்டு, கண்ணாடிக்காரர் ஆவி அடங்கட்டும் என்று காத்திருந்தார். புதினாவும் எலுமிச்சையும் பட்டையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அடியில், திராட்சை இலைச் சுருள்கள் வட்டம் வட்டமாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெந்து கிடந்தன. அவர் பதம் பார்க்கத் திறக்கவில்லை, மடிப்புப் பார்க்கத்தான் திறந்தார். ஓரத்தில் இருந்தவை எல்லாம் வலப்பக்கம் மேலே வந்த மடிப்பு. அது அவருடைய கை, இல்லாவிட்டால் மகளுடைய கை. நடுவில் கூடிக் கிடந்த நாலைந்து சுருள்களில் இடப்பக்கம் மேலே வந்திருந்தது. இந்த வாரமும் வந்திருந்தது. அவர் தட்டைப் பழையபடி கவிழ்த்து, மூடியைச் சத்தம் வராமல் வைத்தார்.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பூட்டுகிறவர். பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரர் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கதவைக் காட்டும். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். லென்ஸின் அச்சு மயிரிழை பிசகினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். சொந்தக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவரும் அதே ஆள்தான் என்பதை மனைவி ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கல்யாணத்துக்கு முன் பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தவள். மத்தியதரைக்கடல் கரையிலிருந்து வந்த தலைமைச் சமையல்காரர் ஒருவர் அங்கே அவளுக்கு அந்தப் பக்கத்துக் கைவேலையைக் கற்றுக்கொடுத்தார். கைவேலை என்றால், எதையாவது குடைந்து அதற்குள் எதையாவது அடைப்பது. குடைமிளகாய், தக்காளி, கத்தரிக்காய், முட்டைக்கோஸ் இலை என்று அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. உடைத்த கோதுமையோ அரிசியோ, பொடியாக நறுக்கிய வெங்காயம், புதினா, உலர்திராட்சை, வறுத்த பாதாம், தாராளமாக ஆலிவ் எண்ணெய். "சும்மா உக்காந்திருக்கேன்னு என்னையும் குடைஞ்சு அடைச்சிடாதே" என்பார் அவர். "அடைக்க இடம் எங்க இருக்கு? நீங்கதான் ஏற்கெனவே ரொப்பி வெச்சிருக்கீங்களே" என்று அவர் தொப்பையைக் கரண்டிக் காம்பால் தட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை திராட்சை இலைக்கு என்று ஒதுக்கியது. உப்புநீரில் ஊறிய இலைகளைப் புட்டியிலிருந்து உருவி, அலசி, நரம்புப் பக்கம் மேலே வரும்படி விரித்துப்போட்டு, மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். காம்புப் பக்கம் ஒரு கரண்டிப் பூரணம். கீழ்நுனியை மடித்து மேலே போட்டு, இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளி, உருட்ட வேண்டியது. அவரும் மகளும் இடப்பக்கத்தை முதலில் மடித்து வலப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவருவார்கள். மனைவி நேர்மாறாக மடிப்பாள். இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அடித்துத் திருத்தியதில் பேனா மட்டும் வலக்கைக்கு மாறியது; கத்தி, கரண்டி, ஊசி, கோபத்தில் விசிறி எறிகிற துணி எல்லாம் இடக்கைதான். வெந்த பிறகும் சுருளின் நுனியில் அந்த மடிப்பு அப்படியே நிற்கும், பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும். "இறுக்கிச் சுத்தாதீங்க, உள்ள இருக்கிறது பச்சைத் தானியம், வெந்தா ஊதும், அதுக்கு மூச்சு விட இடம் குடுங்க" என்று அப்பனையும் மகளையும் வாராவாரம் அதட்டுவாள்.

சாதாரணக் காய்ச்சல் என்று வண்டி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்த இலைப் புட்டியை யாரும் தொடவில்லை. மழைக்காலம் வந்து போனது. ஒரு ஞாயிறு காலையில் மகள் தானாகவே புட்டியை இறக்கி வைத்தாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை, கோதுமையை ஊறப்போட்டார். ஆனால் பழையபடி சேர்ந்து உட்கார முடியவில்லை. இருவராக உட்கார்ந்தால் மூன்றாவது நாற்காலி கண்ணை உறுத்தியது. அதனால் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் சுருட்டிப் பாத்திரத்தில் அடுக்குவார், குளிக்க எழுந்து போவார். மகள் வந்து அவர் விட்ட இடத்திலிருந்து அடுக்குவாள், ஃபோன் வந்ததும் மாடிக்குப் போவாள். மறுபடி அவர் வருவார். இப்படி ஆள் மாற்றி ஆள் மாற்றித்தான் பாத்திரம் நிறைந்தது.

முதல் தடவை அந்த மடிப்பைப் பார்த்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கடையில் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை அடுத்த வாரம் ஈ எறும்புக்குத் தெரியாமல் சட்டைப்பையில் கொண்டுவந்து அதிலும் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவள் மடிப்புத்தான். இறுக்கமில்லாமல், மூச்சு விட இடம் வைத்து மடித்த மடிப்பு. அன்று அவர் அந்தச் சுருள்களை மட்டும் பொறுக்கித் தன் தட்டில் வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதுபோல் வேகவேகமாகச் சாப்பிட்டார். மகள் தன் தட்டைப் பார்க்காமல் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில்தான் அவருக்கு விளங்கியது. இவள்தான் செய்கிறாள். அம்மா இல்லாத குறை தாங்காமல், யாருக்கும் தெரியாமல், அம்மாவின் கையைப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

சிட்டு என்பது அவள் செல்லப்பெயர். ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசியதால் அம்மா வைத்தது. இப்போது வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்தாள். இரத்தம் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. வெளியூரில் நல்ல பதவி ஒன்று வந்ததை அப்பாவைத் தனியாக விட முடியாது என்று ஒருமுறை தட்டிக் கழித்திருந்தாள். அவரால் அவளிடம் கேட்க முடியவில்லை. கேட்டால் உடைந்துபோவாள் என்று பயந்தார். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டால் அது நின்றுவிடும். வாரம் முழுக்க மற்றவர்களின் பார்வையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், ஞாயிற்றுக்கிழமை மூடி திறக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தார்.

பதவி இரண்டாவது முறையும் வந்தது. "ரெண்டு பேருமா போயிடலாம்ப்பா. இந்த வீடு நமக்கு வேணாம்" என்றாள். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராக வந்தவள் மாதிரி நின்றாள். இந்த அடுப்பு, இந்த மேசை, இந்தச் சன்னல் வெளிச்சம் இல்லாத இடத்தில் அந்த மடிப்பு வருமா? ஆனால் பெற்ற பெண் செத்தவளின் கையை மாட்டிக்கொண்டு எத்தனை காலம் உட்கார்ந்திருப்பாள்? "சரிம்மா, போலாம்" என்றார். இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பார் என்று எதிர்பார்க்காததால் அவள் கொஞ்சம் தடுமாறிப்போனாள்.

வீட்டுக்காரர், இவர்கள் காலி செய்த மறுநாளே வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார். அதற்கடுத்து வேறொரு குடும்பம் வரப்போகிறது. ஞாயிறு மதியம் லாரி வரும் என்று ஏற்பாடு. கட்டில், அலமாரி எல்லாம் பிரித்து முன்னறையை ஒட்டிய தாழ்வாரத்தில் அடுக்கியாகிவிட்டது. சமையலறை மட்டும் பாக்கி. "இருக்கிற இலைய முடிச்சிடலாம்ப்பா. வழியில சாப்பிட ஆகும்" என்று மகள் கடைசிப் புட்டியைத் திறந்தாள். நாற்காலிகளைக் கட்டிவிட்டதால் அன்று இருவரும் நின்றுகொண்டே, மேசையின் எதிரெதிர்ப் பக்கத்தில், முதன்முறையாகச் சேர்ந்து சுருட்டினார்கள். அவர் அவள் விரல்களைப் பார்த்தார். வலப்பக்கம் மேலே. அடுத்ததும் வலப்பக்கம் மேலே. எதிரில் நான் இருப்பதால் மறைக்கிறாள் என்று நினைத்தார். மென்று முழுங்கிப் பார்த்தார், முடியவில்லை.

"சிட்டு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கப்பா."

"புது வீட்டுக்குப் போனதும் அம்மா மாதிரி மடிக்கிறத விட்டுடும்மா. நான் தப்பா நினைக்கல. எனக்கும் அது பெரிய ஆறுதலாத்தான் இருந்துச்சு. ஆனா உனக்கு வயசு இருக்கு. இதையே புடிச்சுக்கிட்டு உக்காந்துடக் கூடாது."

அவள் கையிலிருந்த இலையிலிருந்து கோதுமை மேசையில் கொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"நானா?" என்றாள். "அப்பா, நீங்கதானே மடிக்கிறீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"அப்பா அவருக்கே தெரியாம இடது கையால அம்மா மாதிரி செய்றார்னு டாக்டர்கிட்ட போய்க் கேட்டேன். வீட்ட மாத்திப் பாருங்க, சரியாகும்னு அவர்தான் சொன்னாரு. அதுக்காகத்தான் இந்த வேலைய ஒத்துக்கிட்டேன். உங்களுக்காக."

"நான் உனக்காகச் சரின்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. பிறகு அவர் ஓர் இலையை எடுத்து இடக்கையால் மடித்துப் பார்த்தார். இலை கிழிந்து பூரணம் விரலிடுக்கில் வழிந்தது. மகளும் முயன்றாள். அவளுடையது சுருளாகவே நிற்கவில்லை, அவிழ்ந்துகொண்டது. லென்ஸ் பூட்டுகிற கையும் ஊசி பிடிக்கிற கையும் சின்னக் குழந்தையின் கைபோல் தவித்தன.

"நமக்கே தெரியாமச் செய்யலாம்ப்பா" என்றாள் மகள், குரலை இழுத்துப் பிடித்து. "மனசு அப்படியெல்லாம் செய்யும். கைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நம்ம ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர்தான்."

"யாரு?"

பூரணக் கிண்ணத்தை மேசையின் நடுவே நகர்த்தினாள். மிச்சமிருந்த இலைகளை ஒவ்வொன்றாக நரம்புப் பக்கம் மேலே வரும்படி விரித்துவைத்தாள். கரண்டியை எடுத்து, கொஞ்சம் யோசித்து, கிண்ணத்தின் இடப்பக்கம் வைத்தாள். பிறகு அவர் தோளைத் தொட்டு, "வாங்க" என்றாள்.

சமையலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு முன்னறைக்கு வந்தார்கள். அறை காலியாக இருந்தது. அலமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் புதுசாய் இருந்தது. வெறுந்தரையில் அவரைச் சுவரோரமாக உட்கார வைத்து, அவளும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டாள்.

"கைய விடாதீங்க. நானும் விட மாட்டேன். கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம். அப்புறம் போய்ப் பாத்துடலாம்."

அவர் தலையாட்டினார். போய்ப் பார்க்கும்போது இலைகள் விரித்தபடியே கிடந்தால்? அப்படியானால் மனைவி என்றோ போய்விட்டாள்; அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் வேகவேகமாக விழுங்கியது அவருடைய பைத்தியத்தை, இல்லாவிட்டால் இந்தப் பெண்ணுடையதை. ஒரே ஒரு சுருளாவது மடிந்திருந்தால்? நாளைக்கு யாரோ வந்து வெள்ளையடிக்கப் போகிற வீட்டில் அவளைத் தனியாக எப்படி விட்டுவிட்டுப் போவது? இரண்டில் எது வேண்டும் என்று தன்னைக் கேட்டுக்கொண்டார். எதுவும் வேண்டாம், இந்தக் கதவு இப்படியே சாத்தியிருந்தால் போதும் என்று தோன்றியது. மகளுக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். கண்களை இறுக மூடிக்கொண்டு, சின்ன வயதில் ஊசி போடும்போது உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அது ஓய்ந்ததும் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் பட்டதாக இருக்கலாம். லாரியின் பின்கதவுச் சங்கிலியாகவும் இருக்கலாம். மகள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், அவருக்கும் கேட்டதா என்று. அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படியேறி வந்த ஆள் வாசல் கதவைத் தட்டினார். "சார், வண்டி வந்திருச்சு. சாமான் ஏத்தலாமா?"

மறுபடி தட்டினார். இருவர் விரல்களிலும் ஆலிவ் எண்ணெய் அப்படியே இருந்ததால் பிடி கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே போனது. அவர் அவளுடைய மணிக்கட்டுக்கு மேலே ஏற்றிப் பிடித்து, நகம் பதிகிற அளவுக்கு இறுக்கினார்.