லாரி ஏறாத வண்டி

தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதற்குள் போசூ அடுப்பை அணைத்தாள். நூடுல்ஸ் வேகவைக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். கார்புரேட்டரின் பித்தளை மிதவையை ஓட்டைக் கரண்டியால் நீருக்குள் அழுத்திப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்தாள். மிதவையின் ஓரத்தில், இரண்டு பாதிகளையும் ஒட்டிய வரியில், குண்டூசித் தலையளவு குமிழி ஒன்று எழுந்தது. பிறகு இன்னொன்று.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றாள், பக்கத்தில் யாருமில்லாவிட்டாலும்.

முன்வாசல் பந்தலில் நாளைய ஊர்வலத்துக்காக ஒலிபெருக்கியில் புத்த நாமம் ஓடிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் பெட்டியில் அவள் கணவர் தெங்வாங் இருந்தார். போன வாரம் ஒருநாள் மதியம், இதே சமையலறை மேசையில் தன் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், 'கொஞ்சம் தண்ணி குடு' என்றார். அவள் கோப்பையோடு திரும்பியபோது தலை மேசையில் சாய்ந்திருந்தது. டாக்டர் வந்து இதயம் என்றார். கையிலிருந்த திருப்புளியை மகன்தான் மெல்ல எடுத்து வைத்தான். மேசையைத் துடைக்கிறேன் என்று வந்தவர்களைப் போசூ அதன் பக்கம் விடவில்லை.

"போசூ! பந்தல்ல எல்லாரும் காகிதத் தாமரை மடிச்சிட்டிருக்காங்க. நீ இங்க என்ன சமைக்கிற?" தெங்வாங்கின் அக்கா கின்சி, கைத்தடியோடு வந்து எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "ஐயோ, பெட்ரோல்! அங்க ஊதுபத்தி எரியுது, இங்க பெட்ரோலா? என் தம்பி தனியாப் போறது உனக்குப் பொறுக்கலையா? எங்களையும் சேர்த்து அனுப்பப் பாக்கிறியா?"

"அடுப்பை அணைச்சிட்டுத்தான் அக்கா எடுத்தேன்."

"அவனும் இப்படித்தான் சொல்லுவான். அப்புறம் புருவம் போச்சு."

அது உண்மை. உள்ளே பெட்ரோல் தங்கிய மிதவையைத் தீயருகே கொண்டுபோய், ஒருமுறை அவர் இரண்டு புருவங்களையும் பறிகொடுத்தார். மறுநாள் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். போசூவின் மைப்பென்சிலால் புருவம் வரைந்துகொண்டு போய், மாப்பிள்ளையைவிட அழகாக இருக்கிறார் என்று பேர் வாங்கி வந்தார். நினைவு வந்ததும் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். கின்சி கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு அவள் பந்தலுக்குப் போகவில்லை.

போசூ அதே மைப்பென்சிலால் குமிழி வந்த இடத்தில் வட்டம் போட்டாள்.

மகன் குன்ஹோங் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தபடி வந்தான். தைச்சுங் நகரத்தில் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, நீல லாரி ஒண்ணு சொல்லிட்டேன். அப்பா வண்டியை அதுல ஏத்தி, சுத்தி வெள்ளைப் பூ வெச்சி, படத்தை முன்னால நிறுத்தி ஊர்வலத்துக்கு முதல்ல விடலாம். நல்லாத்தான் இருக்கும்."

"வேண்டாம்."

"ஏம்மா?"

"உங்கப்பா வண்டி என்னைக்காவது லாரியில வீட்டுக்கு வந்திருக்கா?"

இந்தக் கடலோர ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். ஊர்த் தபால்காரர் கழித்துப் போட்ட அந்தப் பச்சை வண்டியைத் தெங்வாங் வாங்கியதிலிருந்து, அது எங்கே நின்றாலும் அங்கேயே உட்கார்ந்து, கையில் இருப்பதைக் கொண்டு சரிசெய்து, அதன் மேல் ஏறியே வீடு திரும்பினார். சிப்பிக் கொட்டகைத் தோழர்கள் பந்தயம் கட்டிப் பார்த்தார்கள். வழியில் லாரியை நிறுத்திக் கேலி செய்தார்கள். 'நீங்க முன்னால போங்கப்பா, டீ போட்டு வைங்க' என்பார். அவர் பெருமையடித்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

"அது சரிம்மா. ஆனா கார்புரேட்டர் பிரிஞ்சு கிடக்கே. இந்த மாடலுக்குச் சாமான் எங்கயும் கிடைக்காது. நாளைக்குக் காலையில பெட்டி எடுக்கணும். பஞ்சாங்கக்காரர் குறிச்ச நேரம், ஒரு நிமிஷம் தள்ளக் கூடாது."

"நான் மாட்டறேன்."

"உனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

"என் சமையலறையில, என் பாத்திரத்துல, என் அடுப்புல முப்பது வருஷமா இதைப் பண்ணியிருக்கார். பக்கத்துல நின்னு திட்டியிருக்கேன். எதுக்குத் திட்டறோம்னு தெரியாமலாடா திட்டுவேன்?"

கின்சி முக்காலியிலிருந்து, "அது நியாயம்," என்றாள்.

"காலையில ஸ்டார்ட் ஆகலேன்னா லாரியில ஏத்திக்கோ. நான் வாயைத் திறக்கமாட்டேன்," என்றாள் போசூ. குன்ஹோங் தலையாட்டிவிட்டு, ரயிலில் வரும் உறவினர்களை அழைத்துவரப் போனான்.

அவள் வேலையைத் தொடங்கினாள். மிதவை என்பது காற்றடைத்த சின்னப் பித்தளைப் பெட்டி. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் வேண்டிய அளவு நிறைந்ததும் அது மேலே வந்து வழியை அடைக்க வேண்டும். ஓட்டை விழுந்து பெட்ரோலைக் குடித்துவிட்டால் மூழ்கிவிடும். அடைக்க ஆளில்லாமல் பெட்ரோல் வழிந்துகொண்டேயிருக்கும், வண்டி மூச்சுத் திணறி நிற்கும். மிதவையை மறுபடி சுடுநீரில், ஓட்டை கீழ்ப்பக்கமாக இருக்கும்படி அமுக்கினாள். உள்ளே குடித்திருந்ததெல்லாம் எண்ணெய்த் திட்டாக வெளியே வந்தது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. நன்றாகக் காய்ந்து வாடை போகும்வரை வெயிலில் வைத்தாள். பிறகு மேற்புறத்தில் தையல் ஊசியைச் சின்னச் சுத்தியலால் தட்டி, வேண்டுமென்றே இன்னொரு துளை போட்டாள்.

"இருக்கிற ஓட்டை போதாதா?" என்றாள் கின்சி.

"சூடு பட்டா உள்ள இருக்கிற காத்து விரியும் அக்கா. போக வழியில்லேன்னா வெச்ச ஈயத்தையே துப்பிடும். முதல்ல பழைய ஓட்டையை அடைக்கணும், கடைசியா இதை."

சிப்பி உடைக்கும் கத்தியால் வட்டம் போட்ட இடத்தைச் சுரண்டிப் பொன்னாக்கினாள். பற்றுவைக்கும் கருவி அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. முனையை அராவிய தடித்த செப்புக் கம்பி ஒன்று இருந்தது. மறுமுனையில் கந்தல் சுற்றியிருக்கும். பாத்திரத்தைப் பின்வாசலிலேயே விட்டுவிட்டுக் கையைக் கழுவி, அடுப்பை மூட்டிக் கம்பியைக் காய்ச்சினாள். பழைய ஓட்டையில் ஈயம் வெள்ளிபோல் ஓடிப் பரவியது. அதிகம் வைத்தால் மிதவை கனத்துவிடும். கத்தி முனையால் மிச்சத்தை வழித்தாள். பெருமூச்சு விட்டு அடுத்த துளைக்குப் போனபோது ஈயக் கம்பி தீர்ந்துவிட்டது. இழுப்பறைகளைத் திறந்து பார்த்தாள். எங்கும் இல்லை.

செப்புக் கம்பி ஆறுவதற்குள் என்ற ஒரே நினைப்பில் அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அந்த வீட்டில் இறால் குட்டைகளுக்குக் காற்றடிக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பார்கள். ஈயம் எப்போதும் இருக்கும். செருப்பைக் கழற்றி, நிலைப்படி தாண்டி, கூடத்தின் நடுவே நின்று, "சுன்யீ, ஒரு சாண் ஈயம் குடேன்," என்றாள்.

அப்போதுதான் எள்ளெண்ணெயில் வதங்கும் இஞ்சியின் மணம் அவளுக்கு உறைத்தது. பிள்ளை பெற்றவளுக்கான சமையல். ஓரத்தில் சுன்யீயின் மருமகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுவை மடியில் வைத்திருந்தாள். போசூ தன் சட்டைக் கையைப் பார்த்தாள். துக்கத்தின் சணல் துண்டு அங்கே குத்தியிருந்தது. சாவு வீட்டார் காரியம் முடியும்வரை இன்னொருவர் படி ஏறுவதில்லை. அண்டை வீடுகளுக்குத் தீட்டு அண்டக் கூடாதென்று சிவப்புத் தாள் ஒட்டியதே அவள் மகன்தான். அந்தத் தாளைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள். அதுவும் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள்.

"நான்... எனக்கு..." என்றாள்.

சுன்யீ கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்தாள். சணல் துண்டைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்திலும் பயம் வந்துபோனது. பிறகு, "வந்துட்டியா அக்கா? எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன், இப்பத்தான் காதுல விழுந்துதா?" என்றாள். திரும்பி, "நான் கூப்பிட்டேன்ல?" என்று மருமகளைக் கேட்டாள்.

அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நானும்தான் அத்தை கூப்பிட்டேன்," என்றாள்.

"பின்ன என்ன. கூப்பிட்டு வந்தவங்களுக்கு எந்தக் குத்தமும் இல்ல." சுன்யீ ஒரு சிவப்பு நூலை எடுத்துக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டினாள். போசூவின் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டாள். உள்ளே போய் ஈயக் கம்பியை உருளையோடு கொண்டுவந்தாள். "சாண் என்ன சாண், முழுசா எடுத்துட்டுப் போ. வண்டி கிளம்பணும். அவ்வளவுதான்."

கெட்டது மனிதரை நெருங்கக் கூடாதென்று பெரியவர்கள் வகுத்தவைதான் இந்த முறைகளெல்லாம். அந்த வீட்டில் அன்று அவை மீறப்பட்டதாக ஊர்க் கோயிலில் இருக்கும் கடலன்னை எண்ணியிருக்க மாட்டாள். போசூ வாயிலிருந்த கற்கண்டைக் கடிக்காமல், கரையும்வரை வைத்திருந்தபடி வேலை செய்தாள்.

இரண்டாவது துளையில் ஒரு தொடுதல், ஒரே ஒரு துளி. புதிதாகச் சுடுநீர் வைத்து அதில் அமுக்கியபோது கின்சியும் வந்து குனிந்தாள். இருவர் மூச்சும் நீர்மேல் பட்டது. குமிழி எழவில்லை.

"என் தம்பிக்கே மூணு தடவையாவது ஆகும்," என்றாள் கின்சி.

பெட்ரோல் பீறிடும் நுண்துளையைத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் சுத்தம் செய்தாள். கம்பியை விட்டால் துளை பெரிதாகிவிடும் என்று ஒருநாள் அவர் அவளுடைய ஊக்கை வாங்க மறுத்திருந்தார். கிழிந்துபோன அடைப்புத் தாளுக்குப் பதிலாகப் பிஸ்கட் டப்பாவின் அட்டையை அளவுக்கு வெட்டி வைத்தாள். திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். பொழுது சாய்வதற்குள் கார்புரேட்டர் வண்டியில் ஏறிவிட்டது. ஆனால் பெட்டிக்கு முன்னால் இஞ்சினை உறுமவிட அவளுக்கு மனமில்லை.

விடிந்ததும் குன்ஹோங் வண்டியை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பெட்ரோல் குழாயைத் திறந்துவைத்தான். துறவி ஓதி முடித்தார். படத்தை முன்விளக்கின் மேல் கட்டினார்கள். நீல லாரிக்காரர் பின்பலகையை இறக்கிவிட்டுத் தயாராக நின்றார். தெங்வாங்கின் தோழர்கள் கைகட்டி வரிசையாக நின்றார்கள்.

போசூ ஊர்வலத்தில் போகக் கூடாது. கணவன் மனைவி ஒருவரை ஒருவர் சுடுகாட்டுக்கு அனுப்பிவைப்பதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். அவள் மகனின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தாள்.

"அப்பா ஆவி வழி தவறாம இருக்கப் பாலத்துல நின்னு கூப்பிடுவல்ல, அப்போ இஞ்சின் அணைஞ்சிடுமோன்னு பயந்து முறுக்காதே. தானா ஓடட்டும்."

"தானா ஓடுமாம்மா?"

"ஓடும்."

குன்ஹோங் வண்டியில் ஏறினான். முதல் உதை. ஒன்றுமில்லை. இரண்டாவது உதைக்கு ஒரு இருமல். லாரிக்காரர் ஓரடி முன்னால் வந்தார். மூன்றாவதில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை பந்தலுக்குள் சுருண்டது. ஒரு தோழர், "அடப்பாவி, போகும்போதும் ஜெயிச்சிட்டான்," என்று சத்தமாகச் சொல்லி அழத் தொடங்கினார். லாரிக்காரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு மலர் வளையங்களை எடுத்துத் தன் வண்டியில் அடுக்கினார்.

போசூ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதன் பின்னால் நின்றாள். குழலும் தாளமும் நகர்ந்தன. அவற்றுக்கு முன்னால் அந்தச் சத்தம் போனது. கோயில் முனை திரும்பியது. சிப்பிக் கொட்டகைகளைத் தாண்டியது. கால்வாய்ப் பாலத்தருகே வாத்தியங்கள் நின்றன. அந்த அமைதியில் இஞ்சின் மட்டும், யாரும் முறுக்காமல், தட் தட்டென்று நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. மகனின் குரல் கேட்டது.

"அப்பா! பாலம் வந்திருச்சு. தாண்டி வாங்க!"

இஞ்சின் நிற்கவில்லை. பாலத்தின் மேல் ஏறியது, இறங்கியது, வயல்களின் பக்கம் தேய்ந்து போனது.

அவள் கதவைத் திறந்து முற்றத்துக்கு வந்தாள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றிருந்த இடத்தில் அவள் குந்தி உட்கார்ந்தாள்.

"என்னம்மா தேடறீங்க?" என்றான் ஒருவன்.

"ஒண்ணும் தேடல தம்பி."

சிமெண்டுத் தரை, ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட வழிந்திராமல், உலர்ந்து வெளுப்பாக இருந்தது. வெயில் ஏறத் தொடங்கிய அந்த இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.