புத்தகத்தில் இல்லாத நாற்பத்தொரு பேர்

பட்ஜெட் தாக்கலாகி மூன்றாவது நாள். கல்வித் துறைக்கான மானியக் கோரிக்கை மறுநாள் பிற்பகல் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. அதற்குள் அந்த ஐந்நூறு பக்கப் புத்தகத்தைப் படித்து, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று நான்கு பக்கத்தில் உறுப்பினர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதித் தருவதுதான் அவள் வேலை. டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கிய சிறிய ஆய்வு மையம் அது. எண்களை அவள் துருவுகிற துருவலைப் பார்த்து, கூட வேலை செய்பவர்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மேசை போதாமல் மூன்று வருடப் புத்தகங்களையும் தரையில் விரித்து, மண்டி போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். காது கேளாதோர் பள்ளிகள் என்ற தலைப்பின் கீழே போன வருடம் ஏழு வரிகள் இருந்தன. இந்த வருடம் ஆறு. விடுதி இருந்தது, சீருடை இருந்தது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட ஒதுக்கியிருந்தார்கள். சைகை மொழி ஆசிரியர்களின் ஊதியத்தைத்தான் காணவில்லை. வேறு எதிலாவது சேர்த்திருப்பார்களோ என்று மொத்தத் தொகையைப் பார்த்தாள். அதுவும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. சமூகநலத் துறைப் புத்தகத்திலும் தேடினாள். இல்லவே இல்லை.

நாற்பத்தொரு ஒப்பந்த ஆசிரியர்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். ஆறு வருடம் துணிக்கடையில் கால்கடுக்க நின்றுகொண்டே சைகை மொழி படித்து, போன வருடம்தான் இந்த வேலைக்கு வந்திருந்தாள். பூதக்கண்ணாடி அந்தப் பக்கத்தை மறுபடியும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரே போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, பட்ஜெட்ல எங்களுக்கு ஏதாவது இருக்கா?"

"இன்னும் அந்தப் பக்கத்துக்கே வரலம்மா. பார்த்துட்டுச் சொல்றேன்."

விரல் அந்தப் பக்கத்தின் மேல்தான் இருந்தது.

மையத்தின் இயக்குநரிடம் போய்ச் சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்குத் தலைப்புச் செய்தி இதுதான். உடனே எழுதுங்க, பத்திரிகைக்கு அனுப்பிடலாம்."

"நிதித்துறையில ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாம் சார்."

"கேட்டா உஷாராயிடுவாங்க."

"என் நாத்தனார் அங்கதான் சார் வேலை பார்க்கிறா. அதனாலயே எனக்குப் பயமா இருக்கு. நான் பார்த்தது தப்பா இருந்தா உங்க பேரு, என் பேரு எல்லாமே கெட்டுப் போகும்."

இயக்குநர் மோவாயைத் தடவினார். "நாலு மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல."

மூன்று புத்தகங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நிதித்துறையில் கல்விப் பிரிவின் அலுவலர், கட்டுக்கட்டாகக் கோப்புகள் அடுக்கிய தாழ்வாரத்தின் கோடியில் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"அதெல்லாம் கொள்கை முடிவு மேடம். நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி சார், இதை மட்டும் பாருங்க. போன வருஷம் பதினெட்டுப் பள்ளி. இந்த வருஷம் இருபதுன்னு நிதியமைச்சர் பேச்சிலயே இருக்கு. ஆசிரியரே இல்லாம புதுசா ரெண்டு பள்ளி எதுக்கு?"

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார். பள்ளிக் கல்வித் துறை அனுப்பிய பட்டியலில் அந்த வரி இருந்தது. செயலாளர் ஒப்புதல் கொடுத்த பிரதியிலும் இருந்தது. அச்சுக்குப் போன பிரதியில் இல்லை. ஒப்பந்த ஊதியங்களுக்கெல்லாம் இந்த வருடம் கணக்கு எண் மாறியிருந்தது. "பழைய எண்ணுல இருந்து எடுத்தவங்க புது எண்ணுல ஏத்த மறந்துட்டாங்களா சார்?" என்று கேட்டாள்.

"எடுத்தவங்க இல்ல மேடம், எடுத்தவன். நான்தான்." அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எட்டுப் பேர் சரி பார்த்தோம். எட்டுப் பேர் கண்ணுலயும் படல."

"இப்ப என்ன செய்யலாம் சார்?"

"மேலதிகாரிகிட்டப் போய் நின்னு வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான். நீங்க இங்கயே இருங்க."

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றேகால் ஆனது. மூடி மறைத்துவிடுவார்களோ, இயக்குநர் சொன்னதுதான் சரியோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மூன்றரை ஆனது. உள்ளே யாரோ கத்துவது கேட்டது, பிறகு அதுவும் நின்றது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் கையில் ஒரே ஒரு தாளோடு வெளியே வந்தார். காது சிவந்திருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது.

"திருத்தப் பட்டியல். கையெழுத்தாயிடுச்சு. நாளைக்கு வாக்கெடுப்புக்கு முன்னாடி அவையில வைக்கிறாங்க. நல்லவேளை மேடம், பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி வந்தீங்க."

விட்டுப்போன வரியை அவள் இரண்டு முறை படித்தாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படிக்கட்டு இறங்கும்போதுதான் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதது நினைவுக்கு வந்தது. தெருமுனைக் குழாயில் கையேந்திக் குடித்தாள்.

இயக்குநர் போனில், "நல்ல செய்திதான், ஆனா என் தலைப்புச் செய்தி போச்சே" என்று பெருமூச்சு விட்டார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

நாத்தனாரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். காலையில் பொய் சொன்னதையும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. எங்க ஆசிரியர் குரூப்புல நேத்தே அந்தப் பக்கத்தைப் போட்டுட்டாங்க. எங்களுக்குத்தான் சரியாப் படிக்கத் தெரியலன்னு நினைச்சு உங்களைக் கேட்டேன். நீங்க மென்னு முழுங்கினப்பதான் எனக்குக் கை காலே ஓடல."

"என்னை நாலு வார்த்தை திட்டிக்கோ."

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. முதல்ல நாப்பது பேருக்குச் சொல்லணும், வைங்க போனை!" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

மறுநாள் அவையில் அந்தத் திருத்தத்தை வாசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பாதி உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நேரலையை மூடிவிட்டு, உறுப்பினர்களுக்குக் காலையிலேயே போயிருந்த குறிப்பில் பத்திரிகைகளுக்காகக் கடைசியாக ஒரு பத்தி சேர்க்க உட்கார்ந்தாள். பள்ளிகள் இருபதாகியும் ஆசிரியர்கள் அதே நாற்பத்தொரு பேர்தான், புதிய இரண்டு பள்ளிகளுக்கு யாரை அனுப்பப் போகிறார்கள் என்று அதில் கேட்டாள்.