ஒரு மயிரிழை மேலே

1.

இந்தக் கதை எனக்குத் தியானத்தில் கிடைத்தது என்று நேர்காணலில் சொல்லிக்கொள்ள ஆசைதான். கிடைத்தது காது மருத்துவரின் காத்திருப்பு அறையில். என் காதில் இருந்தது வெறும் அழுக்கு. பக்கத்து நாற்காலிக்காரரிடம்தான் கதை இருந்தது. பெரிய மேற்கத்திய வாத்தியக் குழு ஒன்றில் வயலின் வாசிப்பவர். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இலக்கியத்தின் எதிர்காலம் பற்றி நெடுநேரம் பேசினேன். மனிதர் தலையைக்கூட அசைக்கவில்லை. தலைக்கனம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

"சார், அந்தக் காது அவருக்கு அவ்வளவாக் கேக்காது. இந்தப் பக்கம் வாங்க. இல்லேன்னா அப்படியே பேசிட்டிருங்க, அவர் கொடுத்துவச்சவர்."

(இருவருக்கும் 'அவர்' போட்டால் உங்களுக்குக் குழப்பம். 'அவள்' என்று எழுத அந்த அம்மாவே அனுமதி தந்துவிட்டார்: "மரியாதையை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது, கதை புரியணும்ல.")

2.

முதல் தொடக்கம்: 'இசை தன் பிள்ளைகளையே தின்னும் ஒரு'

(அடித்துவிட்டேன். "இசைக்காகக் காதைக் கொடுத்தார்னெல்லாம் எழுதிடாதீங்க," என்றாள் அவள். "அவர் கொடுக்கல. போச்சு.")

இரண்டாவது தொடக்கம்: 'அவர் கழுத்தில் காலம் பதித்த முத்தம்'

(இதுவும் வேண்டாம். அது வயலின் அழுத்தி அழுத்தி வந்த கறுத்த தழும்பு. கல்யாணமான புதிதில் மாமியார் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மகளிடம் முகம் கொடுத்தே பேசவில்லையாம்.)

ஆகவே பந்தா இல்லாமல் சொல்கிறேன். இடது கை விரல் நுனிகள் காய்ப்பு ஏறி மரத்துவிட்டன. கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க வலது கைதான். வாய் திறந்தால் தாடை கடகடக்கும். பாத்திரம் கீழே விழுந்தால் நமக்குச் சத்தம். அவருக்கு அது ஒரு சுரம், இன்ன சுரம் என்று கண்டுபிடிக்காமல் சாப்பாடு இறங்காது. முதுகுக்குப் பின்னால் ஊதுகுழல்கள், தாடைக்கு அடியில் சொந்த வயலின். இரண்டுக்கும் நடுவில் பல வருடம் மாட்டிக்கொண்ட இடக்காதில் இப்போது ஓயாத கீச்சொலி.

3.

அவள் தொழில், வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது.*

மாலையில் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். அவள் பியானோ, அவர் வயலின். இரண்டும் ஒரே சுரத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கணத்துக்காகத்தான் நாளெல்லாம் வேலை பார்த்ததாக அவர் சொன்னார். ஒருநாள் ஒட்டவில்லை. வயலின் மயிரிழை மேலே இருந்தது. எனக்கும் உங்களுக்கும் கேட்கவே கேட்காது. அவளுக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவருடைய இடக்காது எல்லாச் சுரத்தையும் கொஞ்சம் தாழ்த்திக் கேட்கத் தொடங்கியிருந்தது. பியானோவை வலக்காதால் கேட்பார். வயலினோ இடக்காதுக்குக் கீழே. இரண்டும் சமம் என்று அவருக்குப் படும்போது வயலின் ஏறியிருக்கும்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அவர் ஒத்திகைக்குப் போன நேரத்தில் பியானோவை அந்த மயிரிழை உயர்த்தினாள். மாலையில் வந்தவர் உயர்ந்த பியானோவுக்குச் சுருதி சேர்த்தார். அதற்கும் மேலே ஒரு மயிரிழை போனார். மறுநாள் அவளும் போனாள்.

"நான் ஏத்த ஏத்த அவரும் ஏறிட்டே போனார் சார். கல்யாணமானதிலிருந்து நாங்க இவ்வளவு உயரத்துக்குப் போனதே இல்ல."

"எனக்குச் சந்தேகமே வரலியே," என்றார் அவர்.

"வந்துச்சே! ஏசி மேல பழி போட்டீங்க."

"வீட்டுக்கு வந்து பியானோவோட பார்த்தா கம்பி இறங்கியிருக்கும். ஏசின்னுதான் நினைச்சேன்."

ஒரு மாலை வயலினின் மெல்லிய கம்பி படீரென்று அறுந்தது. அவள் முதலில் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ அழுகையாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்.

* சக எழுத்தாளர்களுக்கு: சுருதி சேர்க்கப் பித்தநிலை தேவையில்லை. ஒரு திருகுசாவி, கம்பளித் துண்டு, பொறுமை போதும்.

4.

அந்தக் காது திரும்பாது, குழுவை விட்டால் மற்றதாவது பிழைக்கும் என்றார் மருத்துவர். அவர் குழுவை விட்டுவிட்டார். நான் கதைக்கு முடிவுகள் எழுதித் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: கடைசிக் கச்சேரி. அரங்கமே எழுந்து நின்று

"யாரு சார் நின்னாங்க?" என்றாள். "அவர் உக்காந்திருந்தது வயலின்காரங்கள்ல கடைசி வரிசை. எல்லாரும் நின்னா அவர் தெரியக்கூட மாட்டார்."

இரண்டாவது முடிவு: சுருதி காட்டும் கருவி ஒன்று வாங்குகிறார்கள். அதன் முள்ளைப் பார்த்து அவர் சேர்க்கிறார். சுபம்.

இப்போது அவரே பேசினார். "முள்ளு சரிங்குது. எனக்குத் தப்பாக் கேக்குது. முள்ளுக்கா சார் நான் வாசிக்கிறேன்? ஒரே ஒரு தடவை, அவளோட, அந்த ஒட்டற சத்தம் வேணும். வேற எதுவும் வேணாம்."

'மூன்றாவது முடிவு:' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

5.

வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். பியானோவைப் பழைய சுருதிக்கே இறக்கியிருந்தாள். வயலினில் புதுக் கம்பி. அவள் ஒரு கட்டையை அழுத்தினாள். அவர் கம்பி முறுக்கும் ஆணியைப் பிடித்தார்.

"உனக்குச் சரியா வந்ததும் சொல்லு. அங்கயே நிறுத்திக்கறேன்."

"வேணாங்க. உங்க காதுக்கு எங்க ஒட்டுதோ அங்க நிறுத்துங்க."

"உனக்குப் பல்லு கூசும்."

"கூசட்டும்."

"எனக்காகப் பொறுத்துக்காதம்மா."

"அப்ப நீங்க மட்டும் எனக்காகப் பொறுத்துக்கலாமா?"

அவளுக்கு ஒட்டினால் அவருக்கு விலகும். அவருக்கு ஒட்டினால் அவளுக்கு விலகும். இருவரும் சேர்ந்தாற்போல் என் பக்கம் திரும்பினார்கள். "சார், நீங்க சொல்லுங்க."

அவர் முறுக்கிக் காட்டினார், தளர்த்திக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. மனித மனத்தின் நுண்ணதிர்வுகளை எழுதுகிறவன் என்று என் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருக்கிறது.

அதனால்தான் உங்களை அழைத்து வந்தேன். அவள் மறுபடி கட்டையை அழுத்துகிறாள், விரலை எடுக்கவில்லை. ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. அது முழுதாக அடங்குவதற்குள் சொல்லுங்கள். ஆணி அவர் கையில் காத்திருக்கிறது.

யார் காதுக்கு?