ஒரு சிட்டிகை கருப்புப் பொடி

மாடிப்படி ஏறும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் எனக்குப் போன உயிர் திரும்பி வரும். விழவில்லையென்றால் மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவேன், ஐம்பத்தொரு வயதில், முட்டி வலியோடு, கையில் காய்கறிப் பையோடு. ஒருநாள் மின்சாரம் போயிருந்தது, அவ்வளவுதான். நான் கதவைத் திறந்து மூச்சிரைக்க நின்றபோது தங்கை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "யாராவது துரத்துறாங்களாக்கா?" என்றாள். "லிஃப்ட் இல்லாத வீட்ல இருந்து பாரு, தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவளும் ஒரு மாதமாக அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

சத்தம் என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. பால்கனி ஓரத்தில் ஒரு பழைய ஸ்டூல்மேல் இருக்கிறது. இரண்டு உருளைகள், ஒரு சின்ன மோட்டார், உருளைகளின்மேல் படுத்தபடி சுற்றும் ஒரு ரப்பர் டப்பா. ஊறுகாய் ஜாடி அளவுதான். டப்பாவுக்குள் உடைந்த கண்ணாடித் துண்டுகளும், அவை ஒன்றையொன்று மோதிச் சிதறாமலிருக்கப் பீங்கான் குருணையும், மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும், ஒரு கரண்டி பொடியும். அதைப் போட்டு மூடிவிட்டால் இரவு பகலாக ஒரு வாரம் சுற்றும். பிறகு திறந்து, கழுவி, அடுத்த பொடி. நாலு பொடி, நாலு வாரம், முடிவில் சில்லெல்லாம் கூழாங்கல்போல வழுவழுத்து மின்னும். முதல் வாரத்தில் கடகடவென்று உருட்டியதில் கீழ் வீட்டுக்காரர் வந்து, மேலே ஏதாவது கட்டடம் எழுப்புகிறீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்டார். நாலாவது வாரத்தில் அது அரிசி களைகிற சத்தமாகக் குறைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தங்கை என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு துணிப்பையும் கொண்டுவந்தாள். பையைத் தூக்கிய நான் உள்ளங்கையைக் கீறிக்கொண்டேன். உள்ளே முழுக்கக் கண்ணாடிச் சில்லு. ஆறு தம்ளர், ஒரு நீல ஜாடி, இரண்டு பச்சைக் கிண்ணம். "எல்லாத்தையும் நான்தான் உடைச்சேன்" என்றாள், காய் நறுக்கினேன் என்பதுபோல.

அவள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் குறை என்பாள் தங்கை. அளவெடுத்துத் தைத்தாற்போன்ற மனிதர். குடிப்பதில்லை, கத்துவதில்லை, துணியை மடித்து வைப்பார். எதைச் சொன்னாலும் "ம்" என்பார். ஒரு வாரம் இவள் வாயே திறக்காமல் இருந்து பார்த்திருக்கிறாள், ஏன் என்று கேட்கிறாரா என்று. கேட்கவில்லை. எட்டாவது நாள் காலையில் அடுப்படியில் நின்று தம்ளர், ஜாடி, கிண்ணம் என்று ஒவ்வொன்றாகத் தரையில் போட்டிருக்கிறாள். அவர் துடைப்பத்தோடு வந்தார். "கால்ல படலையே?" என்றார். கூட்டி அள்ளிப் பையில் கட்டி வாசலில் வைத்தார், ஆபீசுக்குப் போய்விட்டார். "பட்டிருந்தா மருந்து போட்டிருப்பாருக்கா. நல்ல மனுஷன். ஏன் போட்டேன்னு மட்டும் கேக்கவே இல்ல" என்றாள். அந்தப் பையைத்தான் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாப்பிள்ளை எனக்கு போன் செய்வார், அவளுக்கு இல்லை. "அக்கா, எப்படி இருக்கா?" என்பார். என்னை அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நல்லா இருக்கா என்பேன். இரண்டு பேரும் சிறிது நேரம் மூச்சு விடுவோம். பிறகு வைத்துவிடுவோம். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை போனைப் பிடுங்கி, "இந்தக் கண்ணாடி முடியட்டும். அன்னைக்கு வாங்க. வரேனா இல்லையான்னு சொல்றேன்" என்றாள். அன்றிலிருந்து என் வீட்டுக் கடிகாரம் பால்கனியில் சுற்ற ஆரம்பித்தது.

இந்தக் கூத்துக்கு வழி காட்டியவளும் நானேதான். இருபத்தாறு வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். வெளியே கண்ணாடி போட்டுப் பார்த்து அழகு காட்டுகிற ஜனங்களுக்கு இப்படி ஒருத்தி உள்ளே இருப்பதே தெரியாது. சில்லுகளைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை, வீட்டில் வைத்திருக்க எனக்குப் பயம். அதனால் கடையில் என்னோடு வேலை செய்கிறவரின் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இந்த இயந்திரத்தை வாங்கி வந்தேன். கழுவிய சேற்றைத் தொட்டியில் ஊற்றாதே என்று சொல்லியும் முதல் தடவை ஊற்றினாள். அது குழாய்க்குள் சிமெண்டாக இறுகி, பிளம்பர் வந்து ஒரு பகல் முழுக்கக் குத்தினார். அதற்குப் பிறகு வாளியில் தெளியவிட்டுக் கொட்டப் பழகினாள். மூன்றாவது பொடி முடிந்ததும் கருப்புப் பொடி டப்பாவை நானே டேப் ஒட்டிப் பரண்மேல் ஏற்றினேன். அதுதான் முதல் வாரத்துப் பொடி, விளிம்பை மழுக்குகிற முரட்டுப் பொடி. "கடைசிப் பொடி ஓடும்போது இதுல ஒரு மணி உள்ள போனாக்கூடப் போச்சு. எல்லாத்தையும் கீறி வச்சிடும். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பெரிய வாத்தியாரம்மா.

அவள் வருவதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளாததில் எனக்கு வருத்தம் கிடையாது. வேலை, ரேடியோ, எட்டரைக்குச் சாப்பாடு. இவள் வந்து என் துண்டை எடுத்துத் துடைத்தாள், சர்க்கரை டப்பாவை இடம் மாற்றினாள், நான் சீரியல் பார்க்கும்போது வில்லியின் புடவைக்கு மார்க் போட்டாள். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரம், கடையில் யாராவது ஏதாவது கோணங்கித்தனம் செய்தால் இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டு வைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் எனக்கு நிலை கொள்ளவில்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புவேன். துவைத்ததையே துவைத்தேன். அவள் போய்விடுவாள் என்ற நினைப்பு விடவே இல்லை. போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்ல எனக்கு என்ன உரிமை என்று ஒரு பக்கம். சொல்லி அவள் போய்விட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்னொரு பக்கம். உண்மையில் இந்த இரண்டாவது பக்கம்தான் பெரிய பக்கம்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அவள் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். முடி வெட்டிக்கொள்வது எதற்கு? சனிக்கிழமை கண்ணாடி முடிகிறது, அவர் வருகிறார் என்றுதானே. சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்தேன். ஸ்டூலிலிருந்து இயந்திரத்தை இறக்கி, ஸ்டூலைப் பரணுக்குக் கீழே போட்டு ஏறினேன். டேப்பைப் பிரித்தேன். ரப்பர் டப்பாவைத் திறந்தபோது மோர்போல வெள்ளைக் கரைசல், அதற்குள் நீலத் துண்டு ஒன்று வழுவழுவென்று விரலிலிருந்து நழுவியது. அவ்வளவு அழகாக வந்திருந்தது. இரண்டு விரலால் ஒரு சிட்டிகை கருப்புப் பொடியை எடுத்துப் போட்டு மூடினேன். டேப்பை ஒட்டினேன், ஸ்டூலைத் துடைத்தேன், இயந்திரத்தை ஓடவிட்டேன். கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனேன்.

மறுநாள் கடையில் ஒரு டீச்சரம்மாவின் லென்ஸைச் சக்கரத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்து, "உங்க கையாலயா?" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் அலசிவிடலாமா என்று பால்கனிக்கு நாலு தடவை போய் வந்தேன். பயனில்லை என்று எனக்கே தெரியும். அதற்குள் இரண்டு நாள் சுற்றியாகிவிட்டது. தங்கை உள்ளிருந்து, "பூனை மாதிரி என்னக்கா அங்கயும் இங்கயும்?" என்றாள். புதிதாக வெட்டிய முடி அவளுக்குப் பொருத்தமாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். எனக்குக் காது அடைத்ததுபோல இருந்தது. சல்லடையில் கொட்டி, வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துண்டில் பரப்பினாள். நான் குழம்பைக் கிளறுகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றேன். துண்டுகள் எல்லாம் உருண்டு திரண்டு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றிலும் ஒளி இல்லை. பாலாடை படிந்தாற்போல மங்கல், அதன்மேல் மயிரிழைக் கீறல்கள்.

அவள் அவற்றைப் புரட்டிப் பார்த்தாள். ரப்பர் மூடியைத் திருப்பி அதன் விளிம்புப் பள்ளத்தில் சுண்டுவிரலை ஓட்டினாள். விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று கருப்பு மணிகள்.

"இது பண்ணா என்ன ஆகும்னு தெரிஞ்ச ஆளு இந்த வீட்ல ஒருத்திதான்" என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன்.

"எனக்குக் கோவம் இல்லக்கா" என்றாள். "அவர் கேக்கலன்னு இங்க வந்தேன். நீ அவருக்கு மேல இருக்க. ஒரு மாசம், நானா வாயைத் தொறந்து பேசினதுக்குப் பதில் சொன்னியே தவிர, நீயா ஒண்ணு கேட்டியா? போகப் போறியாடின்னு கேட்டியா? போகாதடின்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"உன் வாழ்க்கை. நான் எப்படி…"

"என் கண்ணாடியில கைய வைக்கத் தெரிஞ்சுதுல்ல."

வெட்கமாக இருந்தது. சின்ன வயதில்கூட அவள் முன்னால் நான் அப்படிக் குனிந்து நின்றதில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினோரு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்காரு. நான் அவர்கிட்ட என்ன சொல்லப்போறேன்னு இன்னும் எனக்கே தெரியாது. அதுக்கு முன்னாடி உனக்கு எதாவது சொல்லணும்னா சொல்லு." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், நிஜமாகவே காத்திருப்பவள்போல.

பத்தே கால் ஆயிற்று. நான் தட்டுகளைக் கழுவினேன். "குழம்புல உப்பு சரியா இருக்கா பாரு" என்றேன். பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றாள். பத்தரைக்கு, கீழ் வீட்டுக்காரர் இனி நிம்மதியாகத் தூங்குவார் என்றேன். ஆமாம் என்றாள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் வெளியே வந்தது. பத்து ஐம்பதுக்கு அவள் எழுந்து, என்னைப் பார்க்காமல், டீக்குத் தண்ணீர் வைத்தாள். "போதும் விடு. உனக்கு வராது" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருக்கலாம். பரிதாபமாகச் சொன்னாள்.

வாசல் மணி அடித்தது. "நீ திற" என்றாள் அடுப்பைப் பார்த்தபடி.

கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை ஒரு பழைய குடையோடு நின்றிருந்தார். மெலிந்திருந்தார். சட்டைக் காலரில் இஸ்திரி இல்லை, அவரை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. "அக்கா" என்றார். வாங்க என்று சொல்லி வழி விட வேண்டும். நான் நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். நானே எதிர்பாராத சத்தத்தில் குரல் வந்தது.

"அவ இங்கயே இருக்கட்டும். அவ போயிட்டா என்னால இந்த வீட்ல இருக்க முடியாது."

மாடிப்படி முழுக்க அது எதிரொலித்தது. அவர் திகைக்கவில்லை. குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். என் முகத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக என்று நினைக்கிறேன், நேராகப் பார்த்தார்.

"இதை அவகிட்ட சொன்னீங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "நானும் அவ இல்லாம அந்த வீட்ல இருக்க முடியலன்னு சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்."

நான் திரும்பினேன். தங்கை கூடத்தின் நடுவில், கையில் தட்டும் தட்டில் மூன்று கப்புமாக நின்றிருந்தாள். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. கப்புகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன, அவள் அவற்றை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள்.